எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பெட்டி

எங்கள் அண்ணன், காக்கா, வபாத்தாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம். வருடக் கத்தம் ஓத வருகிற உறவுகள், நண்பர்கள் கையில் ஒரு சிறு நினைவு மலர் கொடுக்க வேண்டும் என்று எங்கள் சகோதரி ராத்தா விரும்பினார். எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ராத்தா என்னைத்தான் எழுதச் சொன்னார்.

"அவர்ட காசுப் பெட்டிகளப் பத்தி உனக்குத்தானே தெரியும். நீ எழுதாட்டி ஆரு எழுதுற?"

"ஜனாஸா அடக்கத்துக்கே வராதவன் எழுதினா சனம் என்ன சொல்லும் ராத்தா?"

"அதையும் எழுது" என்றார்.

காக்கா கல்முனையில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள எங்கள் வீட்டு வளவில் பிறந்தார். வாப்பா குத்தகைக்கு வயல் செய்தவர். காக்கா, ராத்தா, நான் என்று மூன்று பிள்ளைகள். காக்காவுக்கு நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. வயலில் இறங்க ஏலாது என்று வாப்பா அவரைக் கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் சேர்த்தார். இடது காலால் மட்டும் மெஷின் மிதித்து, இருபது வயதுக்குள் அவர் தனிக் கடை போட்டார்.

வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்து மௌத்தானார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை ராத்தாவின் பெயருக்கு எழுதி அவருக்கு மாப்பிள்ளை எடுத்தவர் காக்காதான். மச்சான் வீட்டுக்குள் வந்த கிழமையே காக்கா வளவின் பின்பக்கம் ஓர் அறை கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். அவருக்குப் பெண் பேச வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் கதைத்தது கிடையாது. இறுதிவரை அந்த அறையில் தனியாகவே இருந்தார். சாப்பாடு மட்டும் ராத்தா வீட்டிலிருந்து போகும்.

நான் ஓர் இடத்தில் நிற்காதவன். லொறியில் மூட்டை ஏற்றினேன், கரும்பு வெட்டினேன், திருகோணமலையில் ஒரு வருடம் இருந்தேன். கடைசியில் கொழும்பில் ஒரு கப்பலின் குசினியில் சமையல் உதவி வேலை கிடைத்தது. சொல்லிவிட்டுப் போக வந்தபோது காக்கா மெஷினில் இருந்தார்.

"என்ன காக்கா அனுப்ப? ரேடியோவா, மணிக்கூடா?"

"ரேடியோ வந்தா ஊர்ப் பொடியனெல்லாம் பாட்டுக் கேக்க வருவான். காற்சட்டை ஆரு தைக்கிற?" பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "போற நாட்டுல அந்தந்த வருஷத்துக் காசு செட் விப்பாங்களாம். பெட்டில வெச்சு. கை படாத காசு. வருஷத்துக்கு ஒண்டு எடு. போதும்."

சட்டை தைக்கக் கொடுத்த ஒரு வங்கி உத்தியோகத்தர், நம் நாட்டுக் காசு செட் ஒன்றை அவருக்குக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஆசை மனதுக்குள் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் இறங்கி முதல் பெட்டியை வாங்கியபோதுதான் அது என்னவென்று எனக்கும் விளங்கியது. காசில் இரண்டு வகை. மினுக்கிய தகட்டை மினுக்கிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி எடுப்பது ஒன்று. அதன் வெற்றுப் பரப்பு முகம் பார்க்கலாம் போலிருக்கும், உருவம் மட்டும் பனி படிந்த மாதிரி வெளிறி நிற்கும். புரூஃப் என்பார்கள். மற்றது சந்தைக்குப் போகாமல் நேரே அட்டைக்குள் போகிற சாதாரணக் காசு. காக்கா முதலாவதைக் கண்ணாடிக் காசு என்றும் இரண்டாவதை மங்கல் காசு என்றும் சொல்வார். கண்ணாடிக் காசில் எழுதியிருக்கும் தொகையெல்லாம் கூட்டினால் ஒரு நேரச் சாப்பாடு வரும். பெட்டியோடு வாங்க எனக்கு ஒரு கிழமைச் சம்பளம் போனது.

கடைத்தெருவில் சிரித்தார்கள். "ரெண்டு ரூபாச் சாமான பத்து ரூபாக்கு வாங்குற புத்தி எங்கேருந்து வந்த?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்பாராம். "நீ சுருட்டு வாங்கி ஊதுறியே, அதுல மிச்சம் என்ன?" என்று காக்கா கேட்பாராம்.

அவர் அந்தப் பெட்டிகளைப் பேணிய விதத்தை ஊரில் பலர் பார்த்திருப்பீர்கள். வெல்வெட் துண்டுகளைச் சேர்த்து நீளமாக ஒரு பட்டி தைத்தார். பட்டியில் ஒரு பெட்டிக்கு ஒரு பை, பையின் மேல் நூலால் அந்த வருடம். பட்டியைச் சுருட்டித் தகரப் பெட்டியில் வைத்து, கடல் காற்றின் ஈரம் காசில் புள்ளி விழுத்தாமல் இருக்க, வறுத்த அரிசியைச் சீலையில் முடிந்து கூட வைப்பார். மாதம் ஒரு முறை அரிசி மாற்றுவார். காசில் ராணியின் தலை இருப்பதால் தொழுகை நேரத்தில் தகரப் பெட்டியின் மேல் ஒரு சீலையும் போடுவார். "காக்கா, ராணிக்கு முக்காடு போட்டாச்சா? பாங்கு சொல்லிட்டாங்க" என்று ராத்தா வீட்டிலிருந்து குரல் கொடுப்பார்.

சூறாவளி அடித்தபோது நான் கடலில் இருந்தேன். வீட்டுக் கூரை முழுதும் பறந்துவிட்டது. மழைக்குள் ராத்தா பின் அறைக்கு ஓடினால், காக்கா கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கூரை போகுது, நீங்க தகரத்தப் புடிச்சிட்டு இரிக்கீங்க."

"கூரையப் புடிக்க எனக்கு ஏலுமா புள்ள? ஏலுமானதப் புடிச்சிருக்கன்."

எனக்குக் கடிதம் எழுத வராது. எழுதினாலும் நாலு வரிக்கு மேல் போகாது. ஆகவே வருடத்துக்கு ஒரு பெட்டி என்பதே எனக்கும் வசதியாக இருந்தது. அந்த வருடம் பொறித்த காசு வந்தால், அந்த வருடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருடம் தவறாமல் அனுப்பினேன்.

எண்பத்து மூன்றில் என் கப்பல் கம்பனி முறிந்தது. சம்பளம் இல்லாமல் எங்களை இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், கழுவுகிற இடத்துக்குப் பின்னாலேயே படுத்தேன். நாட்டில் கலவரம் என்று வானொலியில் கேட்டேன். இந்த வருடம் பெட்டி போகாவிட்டால் காக்கா என்ன நினைப்பாரோ என்ற பயம் பசியைவிடப் பெரிதாக இருந்தது.

எனவே ஒரு வேலை செய்தேன். பழைய சாமான் கடையில் வெறும் பெட்டி ஒன்று வாங்கினேன். கடைக்கு வரும் சில்லறையில் அந்த வருடத்துக் காசுகளைப் பொறுக்கினேன். அந்த வருடம் புதிதாக வந்த மஞ்சள் ஒரு பவுண் காசு, ஐம்பது, இருபது, ஒன்று, அரைப் பென்ஸ் எல்லாம் கிடைத்தன. பத்தும் ஐந்தும் இரண்டும் மட்டும் கிடைக்கவில்லை. மூன்று கிழமை பார்த்தேன். கடைசியில் எண்பத்தோராம் ஆண்டுப் பத்தையும் வேறு பழைய காசு இரண்டையும் வைத்தேன். கப்பலில் பித்தளைக் கைப்பிடி மினுக்கிப் பழகிய கை. அதே மினுக்குப் பசையால் எல்லாவற்றையும் முகம் தெரிய மினுக்கி, புரூஃப் என்று அனுப்பினேன்.

இரண்டு விஷயம் எனக்குத் தெரியாது. மினுக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பே கிடையாது. அந்த வருடம் பத்தும் ஐந்தும் இரண்டும் சந்தைக்கு விடப்படவே இல்லை, பெட்டிகளுக்காக மட்டுமே அடித்தார்கள். எத்தனை வருடம் தேடினாலும் சில்லறையில் கிடைத்திராது.

காக்காவின் பதில் வந்தது. "செட் வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். இனிமேல் கண்ணாடிக் காசு வேண்டாம். மங்கல் காசு போதும். அதுவும் இல்லாவிட்டால் வெறும் கடதாசி ஒன்று போடு."

பிடிபட்டுவிட்டேன் என்று விளங்கியது. கள்ளன் என்று சொல்லாமல் சொல்கிறார், இனி என்னை நம்பமாட்டார் என்று அதை வாசித்தேன். வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னால் கோபமும் வந்தது. பெட்டியும் அனுப்பவில்லை, கடதாசியும் போடவில்லை. துறைமுகம் துறைமுகமாக வேறு கப்பல்களில் திரிந்தேன். எழுதலாம் என்று நினைத்த வருடங்களும் இருந்தன. இத்தனை நாள் எழுதாததற்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். அப்படியே ஐந்து வருடம் போயிற்று.

காக்கா மாரி தொடங்கிய மாதத்தில் இரண்டு நாள் நெஞ்சு நோவோடு இருந்து, ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு வபாத்தானார். தந்தி என்னைத் தேடிப் பிடிக்க ஏழு கிழமை எடுத்தது. நான் வந்து சேர்ந்தபோது கபுறின் மேல் புல் முளைத்திருந்தது.

காக்காவின் அறையில் நான் தனியே இருந்த நாட்களில் காரைதீவிலிருந்து ஒரு வயதான மாஸ்டர் சைக்கிளில் வந்தார். காசு விலைப் புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் காக்காவுக்கு அதை வாசித்துச் சொன்னவர் அவர். கலவரத்தால் பாதை மூடிய மாதங்களில் மட்டும் வரமுடியாமல் போனதாம். எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பெட்டியைப் பற்றி நானே அவரிடம் கேட்டேன்.

"திறந்தோண்ண மணந்து பாத்தார் தம்பி. 'சேர், பித்தளை மினுக்குற மணம்' எண்டார். பிறகு பூதக்கண்ணாடிய வெச்சு வருஷத்தப் பாத்தார். நான் சிரிச்சிட்டன். 'உங்கட தம்பி உங்களையே பேய்க்காட்டிட்டான்' எண்டன்."

"காக்கா என்ன சொன்னார்?"

"சிரிக்கல்ல. 'இல்லாத காச எத்தின கடைல தேடியிருப்பான், சேர்? அவனுக்குச் சம்பளம் இல்ல போல' எண்டார். பிறகுதான் அந்தக் கடிதத்த எழுதினார். மலிவானது எண்டா நீங்க அனுப்புவீங்க எண்டு. அதுக்குப் பிறகு தபால்காரன் வாற நேரம் மெஷின் நிண்டிரும். அவன் தாண்டிப் போனாப் பிறகு திருப்பி மிதிப்பார்."

காக்கா அந்தப் பெட்டிகளை ராத்தாவின் மகளுக்குக் கட்டும் வீட்டுக்காகவே சேர்த்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பையிலும், இதற்குக் குறையக் கொடுக்க வேண்டாம் என்று விலை எழுதிய துண்டு ஒன்று இருந்தது. மாஸ்டர் கூட வந்து, கொழும்பு வியாபாரி ஒருவரிடம் அந்த விலைக்கு ஒரு சதமும் குறையாமல் ஆறு பெட்டிகளையும் விற்றுத் தந்தார். மருமகளின் வீட்டுக்கு ஓடு போட்டது அந்தக் காசில்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பையிலும் ஒரு துண்டு இருந்தது. ராத்தாவுக்கு எழுதியது. ராத்தாவுக்கு வாசிக்க வராது, ஆகையால் என்னிடமே நீட்டினார். "இதை விற்க வேண்டாம். தம்பி வந்தால் கொடுக்கவும். இதில் மூன்று காசு வேறு வருடம். அதை அவனிடம் சொல்ல வேண்டாம்."

காக்கா கடைசி நேரத்தில் கேட்ட தண்ணீரைக் கொடுத்து, தலைமாட்டில் யாசீன் ஓதுவித்த ராத்தாவுக்கும் மச்சானுக்கும், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியவர்களுக்கும், நான் தோள் கொடுக்க வேண்டிய சந்தூக்கை என் இடத்தில் நின்று சுமந்தவர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்த கடைத்தெரு நண்பர்களுக்கும், காரைதீவு மாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்கா தைத்துத் தந்த உடுப்பு யாரிடமாவது இன்னும் இருந்தால், அதை உடுத்தும்போது அவருக்காக ஒரு துஆ கேளுங்கள்.

வெல்வெட் பட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. எண்பத்து மூன்றுக்குப் பிறகும் அவர் வருடம் தவறாமல் பை தைத்து, மேலே வருடத்தையும் தைத்திருக்கிறார். ஐந்து பைகள். ஐந்துக்குள்ளும் கை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்த வருடங்களின் காசு இப்போதும் கடைகளில் கிடைக்கும், வாங்கி வையேன் என்று மாஸ்டர் சொன்னார். நான் வாங்கவில்லை.