ஓடைக்காட்டுக்கு ஈடான பட்டம்

பூகோளத்தில் பி.ஏ. பட்டம் என்ன விலை பெறும் என்று எந்தச் சர்வகலாசாலையும் சொன்னதில்லை. கோடைக்கானல் மலையில் இருக்கிற பள்ளங்கியின் ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது: இரண்டு ஏக்கர் ஓடைக்காடு. 1957 தை மாதம், சமுக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து, அரைநாள் பேசி எடுத்த முடிவு அது.

பட்டம் மலைச்சாமியுடையது. அந்த ஊரின் முதல் பட்டதாரி. அப்பா இறந்த பிறகு அண்ணன் பொன்னுச்சாமிதான் பூண்டு விற்ற காசில் அவரைச் சர்க்கார் காலேஜில் நாலு வருஷம் படிக்க வைத்தார். கணக்குப் பாடத்தில் இடம் கிடைக்கவில்லை, பூகோளத்தில் கிடைத்தது. சேர்ந்துவிட்டார். "மலையிலேயே பெறந்தவனுக்கு மலையைப் பத்திப் பாடமா? அதுக்குக் காசு வேறயா?" என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் பஸ் செலவுக்கு ஓரணா தந்தவர்கள் அல்லர்.

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஒருவனுடைய படிப்புச் செலவை அவன் பங்கில் கழிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதில் தப்பும் சொல்ல முடியாது. ஒருவன் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோதுதானே இன்னொருவன் புத்தகம் புரட்டினான். ஊர்ப் பெரியதனம் பார்த்த திருமலைச்சாமி விரல் மடக்கி எண்ணினார். காலேஜ் சம்பளம், ஹாஸ்டல், துணிமணி, புத்தகம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூறு. அன்றைக்கு ஓடைக்காட்டின் விலையும் ஏறத்தாழ அதுதான். விளைநிலத்தை அங்கே காடு என்பார்கள். ஓடைத் தண்ணீர் பாய்கிற அந்தக் காடு ஊரிலேயே நல்ல பூண்டு விளைகிற மண்.

"பட்டம் சின்னவனுக்கு, ஓடைக்காடு பெரியவனுக்கு. மேட்டுக்காட்டை ஆளுக்குப் பாதியா வச்சுக்கோங்க" என்றார் திருமலைச்சாமி.

அப்போதுதான் மலைச்சாமி வாயைத் திறந்தார்.

"அண்ணே, ஓடைக்காட்டை நம்பாதீங்க. அடியில பாறை சாஞ்சு கெடக்கு. மேல இருக்கிற மண்ணு வருஷா வருஷம் கொஞ்சங்கொஞ்சமா எறங்குது. ஓரத்துல நிக்கிற பேரிமரத்தையெல்லாம் பாருங்க, அடித்தூரு வளஞ்சுதான் நிக்கும். மண்ணு எறங்க எறங்க மரம் நிமிரப் பாக்குது. ஒருநா பெருமழையில மொத்தமா சறுக்கிரும்."

சமுக்காளத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாடு வாங்கப் போகிறவன் சுழி சரியில்லை என்று சொன்னால் அவனுக்கு அந்த மாடு வேண்டும் என்று அர்த்தம். பாகம் பிரிக்கையில் ஒரு காட்டை எவன் குறை சொல்கிறானோ அவனுக்கு அதன்மேல் கண் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. பொன்னுச்சாமியின் முகம் கறுத்துவிட்டது.

"ஏலே, ஒன்னயப் படிக்க வச்சதுக்கு எங்கிட்டயே யாவாரம் பண்றியா?"

உண்மையைச் சொன்னால், மலைச்சாமிக்கும் அந்தக் காட்டின்மேல் ஆசை இருக்கத்தான் செய்தது. பேரிமரம் வளைந்ததும் நிஜம், ஆசையும் நிஜம். அதனால்தான் அண்ணன் கேட்ட கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். அதோடு ஊர்ப்பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டார்.

பட்டம் என்னவோ கையில் இருந்தது, வேலைதான் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாராக வேண்டுமென்றால் மேலே ஒரு வருஷம் பி.டி. படிக்க வேண்டும். அதற்கு இன்னொரு காட்டையா ஈடு வைப்பது? அலைந்து திரிந்து கடைசியில் பண்ணைக்காடு என்ற ஊரில் காப்பி விவசாயிகள் சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மாசம் அறுபத்தைந்து ரூபாய். வேலைக்கு எடுத்தவர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, கையெழுத்து புரியும்படி இருக்குமா என்று. பூகோளம் படித்தவர் மூட்டை எண்ணினார். ஓடைக்காட்டில் இருபோகம் பூண்டு எடுத்தால் தன் ஒரு வருஷச் சம்பளம் வந்துவிடும் என்று தீபாவளிக்குத் தீபாவளி மனசுக்குள் கணக்குப் போட்டு, தன்னைத் தானே நொந்துகொள்வார்.

அவர் மனைவி அன்னக்கொடி வாய்த்துடுக்கானவள். "எங்கப்பா ஒங்க பட்டத்தைப் பாத்துத்தான் என்னையக் குடுத்தாரு. அது பொட்டியில சும்மாதான் கெடக்கு. கேப்பை காய வைக்கவாச்சும் ஆகுமா?" என்பாள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு வலிக்கும்.

1962 கோடையில் ஊரிலிருந்து வந்த ஒருவர் போகிற போக்கில் சொன்னார்: பொன்னுச்சாமி ஓடைக்காட்டிலேயே வீடு கட்டப் போகிறாராம், கடைக்கால் தோண்டியாயிற்றாம். மலைச்சாமி அதை வீட்டில் வந்து சொன்னார். அஞ்சு வருஷமாக அவர் மண் சறுக்கும் என்று இரண்டாம் முறை சொல்லவே இல்லை. சொன்னால் திரும்பவும் யாவாரம் என்பார்களே என்ற ரோஷம். காடு போனால் பூண்டோடு போகும். வீடு போனால் அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாம் போகும்.

அன்னக்கொடி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒங்க ரோஷம்தான் பெருசுன்னா சும்மா ஒக்காந்திருங்க. அண்ணன் வேணும்னா வெரசா பஸ்ஸைப் பிடிங்க."

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி, கோடைக்கானலில் இறங்கி, பள்ளங்கிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். பொன்னுச்சாமி கடைக்காலுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை.

"பங்கு போயும் கண்ணு போகலையாக்கும்."

"கண்ணு போகலண்ணே. அதான் வந்தேன். வீட்டை இங்க கட்டாதீங்க. மேட்டுக்காட்டுல எம்பாதி சும்மா கெடக்கு. பாறை தலைய நீட்டிக்கிட்டு நிக்கிற எடம், வெள்ளாமைக்கு ஆகாது, வீடு நிக்கும். அங்க கட்டிக்கோங்க. ஒங்க பேருக்கு எழுதித் தாரேன்."

பொன்னுச்சாமி கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "எவ்வளவுக்கு?"

"சும்மாதான்."

"அப்ப ஒனக்கு என்ன மிஞ்சும்?"

"பட்டம் இருக்குல்லண்ணே."

கடுங்காப்பியோடு வந்த மதினி கருப்பம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றாள். மண்ணைக் கேட்டு வருகிறவனை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவனை அன்றுதான் பார்த்தாள். "தன் மண்ணைக் குடுத்து எவனும் ஏமாத்த மாட்டான். கல்லை மேட்டுக்கு ஏத்தச் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம். பொன்னுச்சாமி ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. முணுமுணுத்துக்கொண்டே, ஓசியில் கிடைத்த இடத்தை விடுவானேன் என்று மேட்டில் வீட்டைக் கட்டினார். ஓடைக்காட்டில் வழக்கம்போலப் பூண்டு போட்டார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடித்தது மழை. அஞ்சாம் நாள், எல்லாரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, ஓடைக்காடு இறங்கிவிட்டது. கல்கட்டு, பேரிமரம், முழங்காலளவு வளர்ந்திருந்த பூண்டுப்பயிர், தோண்டி விட்டுவிட்ட கடைக்கால் குழி, ஒன்றும் மிஞ்சவில்லை. கீழே சாய்ந்த பாறை மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெறுமனே கிடந்தது. மேட்டு வீட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் மலைச்சாமி வந்தார். அண்ணன் அவரைச் சரிவின் விளிம்புக்குக் கூட்டிப்போனார். கீழே அந்தப் பாறை தெரிந்தது. தான் சொன்னது பலித்ததில் மலைச்சாமிக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. அந்த மண்ணில் விளைந்த பூண்டை விற்றுத்தானே அவர் படித்தார்.

"இது ஒன் புத்தகத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"அந்தப் புத்தகத்துக்குக் காசு கட்டுனவன் நானு" என்றார் பொன்னுச்சாமி. "என் காசு வந்து எம்முன்னால ஒக்காந்து சொல்லுச்சு. ஊரே கேட்டுச்சு. நாந்தான் கேக்கல."

"நானும் ஒரு தடவை சொல்லிட்டு அஞ்சு வருஷம் வாயைப் பொத்திக்கிட்டேன்ணே. அது என் தப்பு."

பொன்னுச்சாமி தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கணக்குப் பேசுகிற குரலில் சொன்னார்: "அன்னைக்குப் பிரிச்ச பங்கு சரியில்ல. எம்பங்கு ஓடையோட போயிருச்சு, ஒம்பங்கு அப்படியே இருக்கு. அதுல எனக்குப் பாதி குடு."

"பட்டத்துல எப்படிண்ணே பாதி குடுக்க?"

பொன்னுச்சாமி மேட்டுக்காட்டைக் கை காட்டினார். "அங்க மிச்சங் கெடக்கிற மண்ணுல பூண்டு எங்க போட்டா நிக்கும்? இந்தத் தடவ நீ சொல்லு, நான் கேக்கேன்."

மலைச்சாமி செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு ஈர மண்ணில் மேட்டுக்காட்டைப் பார்த்து நடந்தார். அண்ணன் பின்னாலேயே போனார். முதலில் தம்பி போய் நின்றது மேட்டுக்காட்டு ஓரத்தில் இருந்த ஒரு பேரிமரத்தின் அடியில். குனிந்து தூரைத் தடவிப் பார்த்தார். நேராக இருந்தது.