லாபப் பங்கும் வேன் காசும்

அன்றைக்குக் கேக் வெட்டும்போது ஸ்டேஷன் மேனேஜர் இருந்தார், செக்-இன் கவுண்டர் பெண்கள் இருந்தார்கள், கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரே வேனில் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வேலைக்கு வரும் ஐந்து பேரில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஐந்தாமவரான லோடர் அண்ணன் மட்டும் இல்லை. கீழே பெங்களூர் விமானத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாக எங்கள் விமானக் கம்பெனிக்கு லாபம். அதில் ஊழியர்களுக்கும் பங்கு, ஆளுக்குப் பதினைந்தாயிரம் என்று மேனேஜர் அறிவித்தார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றபோது நான் மனசாரக் கை தட்டினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு கம்பெனியின் லாபத்தில் எனக்கும் பங்கு என்பது சம்பளத்தைவிடப் பெரிதாகப் பட்டது.

அண்ணனுக்குப் பங்கு கிடையாது. அதே விமானத்துக்குத்தான் வேலை செய்தார், ஆனால் அவர் காண்ட்ராக்ட் ஆள். சம்பளம் பாதியான மாதங்களில் நாங்கள் வேலையை விடப் பார்த்தபோது, "பொறுங்க தம்பி, ஏரோப்பிளேன் எங்க போயிரும், மறுக்கா வரும்" என்று பிடித்து நிறுத்தியவர் அவர்தான்.

அம்மா மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். ஓணத்துக்கு போனஸ் என்றால் ஊற்றிய எல்லாருக்கும் உண்டு. போனில் விஷயத்தைச் சொன்னதும், "அந்த அண்ணனுக்கு எத்தன வந்துச்சு?" என்றார்.

"அவரு காண்ட்ராக்ட்டும்மா."

"அதுக்கு? அவரு பொட்டி தூக்கலியா சாமி?"

பணம் கைக்கு வந்த வாரத்தில் ஒருநாள் அண்ணனுக்கு விடுமுறை. வழியில் வேலந்தாவளத்தில் நாங்கள் நால்வரும் டீ குடிக்கும்போது, ஐந்தாகப் பிரிப்போம், ஆளுக்கு மூவாயிரம்தான் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"குடுத்தா வாங்குவாரா? சங்கடப்படுவாருடா" என்றான் ஒருவன்.

"கம்பெனி பண்ண வேண்டியத நாம ஏன் பண்றது? நாளைக்கு கிளீனிங் அக்கா கேப்பாங்க. அவங்களுக்கு நீ உன்ற ஊட்ட எழுதிக் குடுப்பியா?" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் பணத்தை ஏற்கெனவே செலவழித்திருந்தான்.

கடைசியில் வரும் மாதம் அண்ணனிடம் வேன் காசு வாங்குவதில்லை என்று முடிவானது. வாடகையும் டீசலும் சேர்த்து மாதம் இருபதாயிரம், ஆளுக்கு நாலாயிரம். அவர் பங்கை நாங்கள் ஏற்றால் தலைக்கு ஆயிரம்தான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே தோன்றியது.

ஒன்றாம் தேதி வழக்கம்போல் அவர்தான் முதலில் காசை நீட்டினார்.

"வேண்டாங்ண்ணா, இந்த மாசம் நாங்க பாத்துக்கறம்."

"ஏனுங், என்ன விசேஷம்?"

"லாபம் வந்துச்சில்லீங்களா..."

அவர் சிரித்தார். "அட, உங்க லாபத்துல எனக்கு ஓசிப் பயணமா?" நாங்களும் சேர்ந்து சிரித்தோம். "பங்குன்னு குடுத்திருந்தா வாங்கியிருப்பேன் தம்பி. இது வேண்டாம்." நாலாயிரத்தையும் ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தார்.

காசு கட்டிய அந்த மாதம் முழுக்க வந்தார். அடுத்த மாதம் வேன் நிற்கும் இடத்தில் அவர் இல்லை. வேலைக்குப் பஸ்ஸில் வந்திருந்தார். "சீட்டு தாராளமா கெடைக்குதுங்க" என்றார். முன்பெல்லாம் டேக் கிழிந்த பெட்டியைப் பார்த்தால் தானே தூக்கிக்கொண்டு மேலே கவுண்டருக்கு ஓடி வருவார். இப்போது ஓரமாக வைத்துவிட்டு, சூப்பர்வைசர் சொல்லட்டும் என்று நின்றார். அது அவர் வேலை இல்லைதான், யாரும் குறை சொல்ல முடியாது. விமானங்கள் தாமதமாயின, மேனேஜர் எங்கள்மேல் எரிந்து விழுந்தார். ஊழியர்களுக்கு உற்சாகம் குறைந்துவிட்டதென்று தலைமையகம் ஒருவரை அனுப்பியது. அவர் எங்களை வட்டமாக நிற்க வைத்துப் பந்து எறியச் சொன்னார். அன்றும் லோடர்கள் கீழேதான் இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் பஸ்ஸுக்கு மாறியதிலிருந்தே அவர் இடத்துக்கு வேனில் வேறு ஆள் கிடைக்கவில்லை. நாலு மாதம் ஆளுக்கு ஐயாயிரமாகக் கட்டிப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தினோம். அந்தக் காலி சீட்டுக்கு நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது தலைக்கு நாலாயிரம் ரூபாய்.