சுடாத விரல்கள்

சின்ன மருமகள் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த மறுநாள் காலையில். மாமனார் கூடத்தில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். குரலை இறக்கிப் பேசத் தெரியாது. "இடுக்கிகிட்ட சொல்லும்மா, இன்னும் ரெண்டு வேணும்னு" என்றார். ஒரு பெண்பிள்ளைக்கு எவராவது இப்படிப் பெயர் வைப்பார்களா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே அவள் சமையலறைக்குப் போனாள்.

அங்கே இருந்தது மூத்த மருமகள், அதாவது இவளுக்கு ஓரகத்தி. முழங்கை வரைக்கும் மைதா. அடுப்பில் இரும்புக் கல் புகை கிளம்பக் காய்ந்து கிடந்தது. கல்லில் போட்ட டார்ட்டியா, சப்பாத்தி மாதிரி ஒரு மைதா ரொட்டி, அங்கங்கே குமிழ் விட்டதும், கரண்டியும் எடுக்கவில்லை, துணியும் எடுக்கவில்லை. இரண்டு விரலால் ஓரத்தைக் கிள்ளிப் பட்டென்று புரட்டினாள். புரட்டிய கையோடு, சூடு தணிய, விரல்கள் காது மடலைத் தொட்டுவிட்டு வந்தன. அடுத்தது போட்டாள். மறுபடி ஒரு கிள்ளு, மறுபடி காது. பெயர்க் காரணம் விளங்கிவிட்டது.

டார்ட்டியா அந்த வீட்டுக்கு வந்ததே மூத்தவளோடுதான். அவளுடைய அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது அங்கே ஒரு குடும்பத்தில் பார்த்துப் பழகிக்கொண்டு வந்தாராம். தாயில்லாப் பிள்ளை, அப்பாவுக்கு லீவு கிடைக்கிற நாளில் அவளுக்கு அதுதான் சாப்பாடு. கல்யாணமாகி வந்தபோது நகை நட்டு அதிகம் இல்லை, அந்த இரும்புக் கல்லைத்தான் சுமந்துகொண்டு வந்தாள். முதல் தடவை செய்து போட்டபோது மாமனார் ஒன்றும் சொல்லாமல் எட்டு தின்றார். ஒன்பதாவதைப் புரட்டும்போதுதான் எட்டிப் பார்த்து, "இனிமே இந்த வீட்டுக்கு இரும்புக் கடையில இடுக்கி வாங்க வேண்டாம்டா" என்று பிள்ளைகளிடம் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சின்னவளுக்கு அதில் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. அவளும் சூட்டோடு புழங்குகிறவள்தான். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. எச்சில் தொட்ட விரலால் பெட்டியைத் தட்டிப் பார்த்தே இது பருத்திக்கு ஆகும், இது பட்டுக்கு ஆகாது என்று சொல்வாள். இந்த ஓரகத்திக்கு நான் என்ன இளைத்தவளா என்று ஒரு நாள் அவளும் வெறும் விரலால் புரட்டப் போனாள். டார்ட்டியா பாதி கல்லிலும் பாதி தரையிலுமாக விழுந்தது. இரண்டு விரலிலும் கொப்புளம். அன்றிலிருந்து அவள் புருஷன் அவளைக் கூப்பிடுவதே 'கொப்புளம்' என்றுதான். "ஒரு வீட்ல ஒருத்தி இடுக்கி, ஒருத்தி கொப்புளம். இனி ஒரு கரண்டி வந்தா செட்டு முடிஞ்சிடும்" என்று மாமனார் சிரிப்பார்.

மற்றபடி இருவருக்கும் ஆகாமல் ஒன்றுமில்லை. மூத்தவள் மாவு பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தே சின்னவள் எல்லாம் தெரிந்துகொண்டாள். மைதாவில் உப்பையும் கொழுப்பையும் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும்வரை விரல் நுனியால் தேய்க்க வேண்டும். பிறகு வெந்நீர். தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு மெத்தென்று வரும். பிசைந்து உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி, மாவைத் தூங்கவிட வேண்டும். அவசரப்பட்டு எழுப்பினால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும். தேய்த்தால் அடியில் இருக்கிற பலகையின் ரேகை தெரிய வேண்டும். சுட்டதும் துணிக்குள் அடுக்கி மூடினால்தான் தன் ஆவியிலேயே இளகும். வருஷங்கள் போகப் போக மூத்தவளின் டார்ட்டியா இன்னும் மிருதுவாகிக்கொண்டே வந்தது. கேட்டால், தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி அப்படியே கையை விடுகிறேன் என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அவர்களைச் சமையலறை வாசலுக்குக் கூட்டிவந்துவிடுவார். பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள், மூத்தவளின் புருஷன் பெரியவனோடு மரப்பட்டறையில் இருப்பவர்கள், அத்தை பிள்ளைகள், அத்தை பிள்ளைகளின் சம்பந்திகள் என்று பார்க்காதவர் பாக்கியில்லை. முன்பெல்லாம் பட்டென்று கிள்ளிப் புரட்டியவள், இப்போது நிதானமாக எடுத்து, ஆட்டிக் காட்டி, படுக்கை விரிப்பை உதறுவது போல விரித்துப் போட்டாள். ஆட்களுக்கு வாய் மூடாது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. நகை கேட்காத, புடவை கேட்காத மனுஷிக்கு அந்த ஒரு இடத்தில்தான் கொஞ்சம் பெருமை.

மூத்தவளுடைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, சம்பந்தி வீட்டார் முதல் தடவையாகச் சாப்பிட வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமனார் விடுவாரா? மாப்பிள்ளையின் அம்மாவையும் அப்பாவையும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். சின்னவள் பலகையில் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தாள். மூத்தவள் சுட்டாள். சம்பந்தியம்மாள், "சுடவே சுடாதா உங்களுக்கு?" என்று கேட்டுக் கேட்டு வியந்துபோனார். கையைக்கூடத் தட்டினார்.

மூத்தவள் சிரித்துக்கொண்டே அவர்கள் பக்கம் திரும்பி, அப்பாவின் கப்பல் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். புயலில் அடுப்பு ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கமாக உருண்ட கதை. எல்லோருக்கும் சிரிப்பு.

சின்னவளுக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. கருகிய மாவின் வாசனை அவளுக்குத் தெரியும். இது அதில்லை. சலவைக் கடையில் கம்பளி கருகினால் வருமே, மயிர் பொசுங்குவது போல ஒரு நாற்றம், அது. யாருடைய சட்டையிலாவது பொறி பட்டுவிட்டதோ என்று சுற்றிலும் பார்த்தாள். எவர் மேலும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் கல்லைப் பார்த்தாள்.

மூத்தவள் தன் இடது கையைக் கல்லின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

மேசையில் சாய்ந்து பேசுகிறவர் கை வைப்பது போல, உள்ளங்கை முழுவதும் பதிய வைத்திருந்தாள். அடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. அவளோ கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார். அதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார்.

சின்னவள் தேய்ப்புக் கட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அந்த முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. முழுவதும் வரவில்லை. கல்லில் ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னடி பண்றே?" என்றாள் மூத்தவள், கதை கெட்டுப்போன எரிச்சலில்.

"அக்கா, கையைப் பாருங்க."

பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலிக்கலையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாமனாருடைய சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் இன்னும் திகைப்பு. ஈரத்துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுப் போகட்டும், மகள் காரியம், கெடுத்துவிடாதீர்கள் என்று மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். சின்னவள் அடுப்பை அணைத்தாள். "இப்ப வரீங்களா, இல்ல நான் உங்களைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்றாள். ஓரகத்தியிடம் அவள் குரல் உயர்த்திப் பேசியது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளையின் அப்பாதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தார்.

தெருமுனை கிளினிக்கில் இருந்தது ஒரு பெண் டாக்டர். காயத்தைத் துடைத்துக் கட்டும்போது மூத்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மற்றக் கையை நீட்டச் சொல்லி, குத்தும்போது சொல்ல வேண்டும் என்றார். மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பக்கத்தில் நின்று ஊசி நுனி விரல் விரலாக இறங்குவதைப் பார்த்தாள்.

"எப்ப டாக்டர் குத்துவீங்க?"

"குத்தி முடிச்சாச்சும்மா."

சின்னவளுக்குக் காது நினைவுக்கு வந்தது அப்போதுதான். புரட்டியதும் காது மடலைத் தொடுவாளே, அது எப்போது நின்றது? போன வருஷமா? அதற்கும் முன்னாலா? தினமும் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியவில்லை. தானும் சூட்டோடு புழங்குகிறவள். எத்தனை பழகினாலும் விரல் தானாகப் பின்னால் வரும் என்பது தெரிந்தவள். தெரிந்தும், ஓரகத்தியின் சாமர்த்தியம் என்று பொறாமைப்பட்டிருக்கிறாள்.

டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். வீட்டுக்குள்ளும் மூத்தவள் போட்டுக்கொண்டே புழங்குகிற செருப்பு. வலது செருப்பு வந்தது. இடது செருப்பு வரவில்லை. மூத்தவள் காலை உதறிப் பார்த்தாள். சின்னவள் குனிந்து பிடித்து இழுத்தாள். எதிலோ மாட்டிக்கொண்டது போல இருந்தது. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவரே தரையில் உட்கார்ந்தார். செருப்பின் அடியில் ஒரு ஆணியின் தலை பளபளத்தது. பட்டறையில் பெட்டிகளுக்கு அடிக்கிற ஆணி. பெரியவனின் சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கும். செருப்பைத் துளைத்து நின்று, எத்தனை நாளாகவோ செருப்புப் போடும்போதெல்லாம் காலுக்குள் ஏறியிருக்கிறது, இன்றைக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதன் மேல்தான் அவள் கடைக்குப் போனாள், மாடி ஏறினாள், அடுப்படியில் நின்றாள். ஆணி வெளியே வந்தபோது பின்னால் வந்ததைப் பார்த்துச் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது விரலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்திருந்தார்கள். இந்தக் கருவிக்கு இதற்கு மேல் எண் காட்டத் தெரியாது என்றார் டாக்டர். சர்க்கரை பல வருஷமாக இருந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை, அது முதலில் கால் நரம்பைத் தின்றுவிட்டு அப்புறம் கைக்கு வந்திருக்கிறது. கை ஆறிவிடும், காலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். மருந்து கேட்கிறதா என்று பார்ப்போம் என்றும் சொன்னார்கள். பெரியவன் வராந்தாவில் சட்டைப் பையை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான், அதில் இன்னும் ஆணி இருக்கிறதா என்று. மாமனார் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

வார்டில் சின்னவள்தான் கூட இருந்தாள். சலவைக் கடையில் லீவு கேட்டபோது முதலாளி முணுமுணுத்தான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கஞ்சியை ஊட்டும்போது, இது எப்போதிலிருந்து என்று மெதுவாகக் கேட்டாள்.

மூத்தவள் வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினாள். "முதல்ல நிஜமாவே சுட்டுச்சுடி. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் திருப்புவேன். மாமா எல்லாரையும் கூட்டிட்டு வந்து நிறுத்திடுவாரே, சுடுதுன்னு எப்படிச் சொல்ல? அப்புறம் ஒரு நாள் சுடலை. சாமி குடுத்ததுன்னு நெனச்சேன்."

"கால்ல செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியலைன்னு ஒருநாள் சொன்னீங்களேக்கா."

"சொன்னேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்."

அடுத்த நாள் மாமனார் கட்டிலருகில் வந்து நின்றார். கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு பெயரைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவளை அவர் கூப்பிட்டதில்லை. கடைசியில் "அம்மாடி" என்றார். "நான்தானேம்மா வெச்சேன் அந்தப் பேரை" என்று சொல்லும்போது உதடு கோணியது. மூத்தவள் கட்டுப் போடாத கையால் அவர் கையைத் தொட்டாள். தொட்டது தெரிந்ததோ இல்லையோ. "பேர் நல்ல பேருதான் மாமா. நான்தான் அதை விட மனசில்லாம இருந்துட்டேன்" என்றாள்.

சம்பந்தியம்மாளும் வந்தார். கைதட்டிய இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். கல்யாணம் எப்போது என்று மூத்தவள் பயந்து பயந்து கேட்டாள். நீங்கள் நடந்து வருகிற அன்றைக்குத்தான் என்று அவர் சொன்னதும் அந்த அறையில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

மருந்து கேட்டது. பாதி கேட்டது என்று சொல்ல வேண்டும். பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதத்தையும் காலையும் விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியை டாக்டர் சொன்னபோது, விரல் போனதற்கு அழுவதா, கால் நின்றதற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் பெரியவன் டாக்டரையே கட்டிக்கொண்டான்.

மகள் கல்யாணம் நடந்தது. அம்மா நடந்துதான் வந்தாள், ஒரு பக்கம் சின்னவளைப் பிடித்துக்கொண்டு. அந்த வீட்டில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ட்டியா உண்டு. மாவு பிசைவதும் சுடுவதும் சின்னவள்தான். வட்டம் வருவதில்லை, மாமனார் குறை சொல்வதில்லை. சமையலறை வாசலில் யாரையும் நாற்காலி போட்டு உட்கார வைப்பதுமில்லை.

மூத்தவள் இப்போது கூடத்தை ஒட்டிய முன்னறையில் இருக்கிறாள். காலையிலும் மாலையிலும் ஊசி போட்டுக்கொள்கிறாள். படுக்கப் போகுமுன் சின்னவள் விளக்கைக் கிட்டே வைத்து அவள் பாதங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள். இடது காலில் மூன்று விரல்கள் இருக்கின்றன.