முட்டையை எந்தப் பக்கம் எழுதுவது

இன்று காலை கச்சாயம் சுடலாம் என்று அடுப்பில் வெல்லம் வைத்தேன். சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவளுக்குக் கச்சாயம் எதற்கு என்று கேட்காதீர்கள். தங்கை மகன் வருகிறான், அவன் பெயரைச் சொல்லி நானும் ஒன்று தின்னலாம் என்றுதான். அதற்குள் கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே நின்றதில் பாகு பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, கருகி, வீடு முழுக்க வாசனை. துடைக்க எடுத்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அது என் பள்ளிக்கூடத்தின் வாசனை.

மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் சாக்பீஸ் வாசனையோ புதுப் புத்தக வாசனையோ நினைவுக்கு வரும். எனக்குக் கருகிய வெல்லம். அறுபதுகளின் தொடக்கத்தில், ஜேடர்பாளையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஓர் ஊரில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா தையல்காரர், சாமியாரின் அங்கி முதல் ரயில்வேக்காரர் கால்சட்டை வரை எல்லாம் தைப்பார். கோயில் மணியும் ஜங்ஷன் சத்தமும் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த ஊரில் கரும்புத் தோகை உரசுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டியே வெல்லம் காய்ச்சுகிற ஆலைக் கொட்டகை. காய்ச்சத் தொடங்கிவிட்டால் புகையும் வாசனையும் சன்னல் வழியே வகுப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நடுவில் பிள்ளைகளின் மூக்கெல்லாம் ஒரே பக்கம் திரும்பும். என் மூக்கும்தான்.

ஆசிரியர்கள் இரண்டு பேர். சின்ன வகுப்புகள் தலைமையாசிரியருக்கு; நாலும் அஞ்சும் எனக்கு. அறிவியல் சாமான்கள் என்று ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் உடைந்த காந்தம் ஒன்று, வெப்பமானி வைக்கிற உறை ஒன்று. வெப்பமானி இல்லை. ஆகையால் கையில் கிடைத்ததை வைத்துத்தான் பாடம். விசைப் பாடத்துக்கு, தங்கியிருந்த வீட்டிலிருந்து ஒரு முட்டை வாங்கிப் போனேன். இரண்டு முனையையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்கினால் சுலபத்தில் உடையாது என்று காட்டத்தான். அஞ்சாம் வகுப்பிலேயே பெரிய உடம்பு கந்தசாமிக்கு. அவன் பல்லைக் கடித்து, முகம் சிவக்க அமுக்கினான். உடையவில்லை. முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"நானே அமுக்கி ஒடையலீங்களே, இத்துனூண்டு குஞ்சு உள்ளருந்து எப்புடிங்க டீச்சர் ஒடைக்குது?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

என்னுடைய 'நாளைக்கு' என்றால் டீச்சருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அடுத்தது உயிருள்ளவை, உயிரற்றவை. இதைவிட லேசான பாடம் உண்டா என்று நினைத்தேன். பலகையின் நடுவில் கோடு போட்டேன். மாடு, வேப்பமரம், எறும்பு ஒரு பக்கம். கல், பலகை, செருப்பு மறுபக்கம். சாப்பிடும், மூச்சு விடும், வளரும், அசையும், அதெல்லாம் உயிருள்ளது என்று சொல்லி முடித்தபோது பாவாயி எழுந்தாள். ஒல்லியான பெண். அவள் அப்பா மாரப்பன் ஆலைக் கொட்டகையில் அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறவர்.

"முட்டைய எந்தப் பக்கமுங்க எழுதறது?"

சாப்பிடாது. அசையாது. நான் கோட்டைப் பார்த்தேன். கந்தசாமி என் சார்பில், "நாளைக்குச் சொல்லுவாங்கடி" என்றான். வகுப்பே சிரித்தது. பாவாயி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் ஊருக்குள் கோழிச் சீக்கு வந்தது. வெள்ளையாய்க் கழிந்துகொண்டு, கழுத்தைத் திருகிக்கொண்டு, வீட்டுக்கு வீடு கோழிகள் விழுந்தன. சேவல் கூவாத விடியலை அங்கேதான் முதலில் பார்த்தேன். பாவாயி வீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. அடையிலேயே செத்துப்போயிற்று. மறுநாள் அவள் பாவாடையை மடித்துப் பிடித்தபடி வகுப்புக்குள் வந்தாள். உள்ளே முட்டைகள். தொட்டேன். இன்னும் சூடு போகவில்லை.

"பாதி நாள் அடை ஆயிருச்சுங்க. அம்மா வீசிப்போடச் சொல்லுச்சுங்க."

வேறு அடைக்கோழிக்கு ஊரில் வழியில்லை. சீக்குப் பயத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஊர் இறகைக்கூட உள்ளே விடமாட்டார்கள். கோழி கொடுப்பது சூடுதானே, அதை நாமே கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளிடமிருந்து யார் தப்ப முடியும்?

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இது பாடத்துல இருக்குதாம்மா?"

"வெப்பம் இருக்குதுங்க சார்."

"கோழி இருக்குதா?"

"உயிரினம் இருக்குதுங்க சார்."

"நாறுச்சுன்னா வெளிய போட்டுரோணும்" என்று அனுப்பிவிட்டார். ஆனால் தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் பானைக்குள் எட்டிப் பார்த்தது அவர்தான்.

பானை என்றால் இரண்டு பானை. பெரிய பானையில் வெதுவெதுப்பான தண்ணீர், அதற்குள் ஒரு சின்னப் பானை, சின்னப் பானையில் பஞ்சு, பஞ்சுக்குள் முட்டைகள். சுடுதண்ணீர் ஆலைக் கொட்டகையிலிருந்து வந்தது. வெப்பமானிதான் இல்லையே, முட்டையை மூடிய கண் இமையில் வைத்துப் பார்த்தோம். சுட்டால் அதிகம், ஜில்லென்றால் குறைவு, ஒன்றும் தெரியாவிட்டால் சரி. ஒவ்வொரு பிள்ளையும் கண்ணை மூடி முட்டையை வைத்துக்கொண்டு நிற்கிற அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் என்னையறியாமல் சிலுவை போட்டுவிட்டுத்தான் பானையைத் திறப்பேனாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வகுப்பு முழுக்கச் சிலுவை போட்டுவிட்டுத்தான் திறக்கிறது. அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

மாலையில் பானை கொட்டகைக்குப் போகும். அடுப்புச் சுவரோரம் வைத்து மாரப்பன் பார்த்துக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர். காலையில் கொண்டுவந்து வைக்கும்போது, "எல்லா முட்டையும் கோழியாட்டம் பொரட்டி உட்டுட்டனுங்க" என்பார், அவ்வளவுதான்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். அடுப்பிலிருந்து என்றார்கள். அடுப்புக்கு? சக்கையிலிருந்து. சக்கைக்கு? கரும்பிலிருந்து. கரும்புக்கு? பாவாயி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வெயிலுங்க டீச்சர். வெயிலு கரும்புக்குள்ள போயி, சக்கைக்குள்ள போயி, தண்ணிக்குள்ள போயி, இப்ப முட்டைக்குள்ள போகுதுங்க."

ஆற்றல் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும் என்பதை நான் பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கே புரிந்தது.

வகுப்பின் கூரையில் ஓர் ஓடு உடைந்து, உச்சிப்பொழுதுக்கு ஒரு கற்றை வெயில் உள்ளே விழும். கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு அந்தக் கற்றையில் முட்டையைப் பிடித்துக் காட்டினேன். உள்ளே சிவப்பாக, வேர் பரப்பியதுபோல நரம்புகள். நடுவில் ஒரு கறுப்பு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் கறுப்பு துள்ளியது. "அய்யோ!" என்று கந்தசாமி ரெண்டடி பின்னால் போனான். எல்லாரும் முட்டிமோதிப் பார்த்தார்கள். அன்று பாவாயி வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனாள்.

அவள் வீட்டுக் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவள் அம்மா அத்தாயிக்கு அந்த வருஷ மழைக்காலத்தில் ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. பேர் வைக்காத பிள்ளைக்கு அழுவார்களா என்று பெண்கள் அவளை அடக்கிவிட்டார்கள். பொறக்கவே இல்லைன்னு நெனச்சுக்கோ என்றார்களாம். அத்தாயி அழவில்லை. பேச்சையும் குறைத்துவிட்டாள்.

அடை வைத்ததிலிருந்து எண்ணி, குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாளும் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. சூடு முன்பின்னாக இருந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சமாதானம் சொன்னேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை கூட்டுப் பிரார்த்தனை நடக்கும்போதே தலைமையாசிரியர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பானைக்குள்ளிருந்து சத்தம்.

ஒரு முட்டையின் மேல் நட்சத்திரம் போல விரிசல். உள்ளிருந்து ஒரு மூக்கு முட்டிக்கொண்டிருந்தது. முட்டும், ஓயும், திரும்ப முட்டும். மூக்கு நுனியில் குண்டூசி முனைபோல வெள்ளையாக ஒரு முள். கந்தசாமி கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, ஊசியாட்டம் ஒரே எடத்துல குத்துதுங்க டீச்சர்! நான் கையகலத்துக்கு அமுக்குனனுங்க, அதான் ஒடையல" என்றான். அவன் கேட்ட கேள்விக்கு அவனே பதில் சொல்லிக்கொண்டான். என் 'நாளை' ஒன்று குறைந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஊரிலிருந்து சிலர் வந்து சன்னலில் நின்றார்கள். அத்தாயியும் வந்தாள். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானத்துக்குள் குஞ்சு வெளியே வந்துவிட்டது. நனைந்து, அசிங்கமாக, எழுந்து விழுந்துகொண்டு. மற்ற முட்டைகள் பொரியவில்லை. இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் அத்தாயி குஞ்சை வாங்கிப்போகக் கூடையோடு வந்தபோதுதான் பாவாயி அதைக் கேட்டாள்.

"இதெல்லாம் செத்துப் போச்சுங்களா, இல்லீன்னா உசுரே வரலீங்களா?"

'நாளைக்கு' என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தாயியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"உயிர் இருந்துச்சு பாவாயி" என்றேன். "வெளிச்சத்துல நாம எல்லாரும் பார்த்தோமே. துள்ளுச்சே. இருந்ததாலதான் செத்துச்சு."

அத்தாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு முட்டையைத் தொட்டாள். பிறகு என்னிடம் இல்லை, மகளிடம் சொன்னாள்.

"எம்பட வயித்துலயும் ஒதைச்சான் சாமி. ராவும் பகலும் ஒதைச்சான்."

"அப்ப தம்பி இருந்தானுங்களாம்மா?"

"இருந்தான் கண்ணு. நல்லா இருந்தான்."

சொல்லிவிட்டு அங்கேயே, வகுப்பின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தமாக அழுதாள். பிள்ளைகள் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். அடுத்த அறையிலிருந்து வந்த தலைமையாசிரியர் வாசலிலேயே நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கையாட்டி அனுப்பிவிட்டார். யாரும் அவளை அடக்கவில்லை. பாவாயி பலகைக்குப் போய், மூலையில் பழையபடி நடுக்கோடு போட்டு, உயிருள்ளவை என்ற பக்கத்தில் முட்டை என்று எழுதினாள். அதற்குக் கீழே தம்பி என்று எழுதினாள். அந்த வாரம் முழுவதும் அந்தப் பலகையின் மூலையை நான் அழிக்கவில்லை. கணக்கெல்லாம் மீதி இடத்தில்தான் போட்டோம்.

குஞ்சு வளர்ந்து சேவலாயிற்று. ஊருக்கு மறுபடி விடியலைக் கூவிச் சொன்னது அதுதான். அத்தாயி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். என்னைப் பார்த்தால், "சோறுண்டாச்சுங்களா டீச்சர்?" என்பாள். பாவாயி எட்டாவது வரை படித்தாள். பிறகு மோகனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்வி. நான் சேலத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக நாமக்கல் பக்கம் போனேன். வழியெல்லாம் நீள நீளமாய்க் கோழிப் பண்ணைகள். காரை நிறுத்தச் சொல்லி ஒன்றில் இறங்கினேன். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை கூண்டுகளில் வெள்ளைக் கோழிகள். முட்டைகள் சரிவில் உருண்டு உருண்டு வந்து வரிசையாய் நின்றன. அங்கே இருந்த பெண்ணிடம் ஒரு முட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"என்னங்கம்மா பாக்கறீங்க? சேவலே கெடையாதுங்க. அதுல ஒண்ணும் இருக்காது."

"அடையே உட்காராதா?"

"இந்தக் கோழிக்கு அந்த நெனப்பே வராதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் முட்டை அட்டைகளை அடுக்கப் போய்விட்டாள். கையிலிருந்த முட்டையை எந்தப் பக்கம் எழுதுவது என்று பாவாயியைத்தான் கேட்க வேண்டும்.