சுமியோ பார்க்காத கானல்

தொயாமா வளைகுடாவின் ஓரத்தில், உவோசு ஊரின் கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது சுமியோவின் கடை. மீனை அரைத்துக் கடற்பாசியில் சுருட்டி அவித்த கமபோகோ அங்கே பேர்போனது. முப்பத்தெட்டு வருஷமாக அவள் அந்த அடுப்பை விட்டு நகர்ந்ததில்லை.

வசந்தத்தில் அந்த ஊருக்குக் கானல் வரும். தாத்தேயாமா மலையின் பனி உருகிக் கடல் சில்லிட்டுக் கிடக்க, மேலே இளஞ்சூடான காற்று படியும் மதியங்களில், எதிர்க்கரை அப்படியே நீண்டு, தலைகீழாகி, வானத்தில் நிற்கும். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்தான். அன்றைக்கெல்லாம் கரையில் கூடுகிற கூட்டத்துக்குப் பசிக்கும். பசித்தால் சுமியோ கடைதான். கூட்டம் வடிந்து அவள் கையைத் துடைப்பதற்குள் கானலும் போயிருக்கும்.

கொடுமை என்னவென்றால், அதைப் பற்றி ஊரிலேயே அழகாகப் பேசுகிறவள் அவள்தான்! வாங்க வந்தவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துவைத்து, பார்த்தவள் போலவே அளப்பாள். "ஆலைப் புகைபோக்கி எல்லாம் ஒண்ணுக்கு ரெண்டா எந்திரிச்சு நிக்கும் பாருங்க!" பார்த்ததில்லை என்று சொல்ல முதல் வருஷம் வெட்கமாக இருந்தது. அப்புறம் சொல்லவே வழியில்லாமல் போயிற்று. மீன்பிடிக்கப் போகும் கணவன் கிச்சிஜிக்கு மட்டும் உண்மை தெரியும். "அளந்து விடு, அளந்து விடு" என்று சிரிப்பான். ஒரே ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

போன மே மாதம் நாகசாகியிலிருந்து இசோகாவா என்ற பெரியவர் வந்தார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கானலுக்காக அது ஐந்தாவது பயணம், ஐந்தும் வீண். ரெண்டு மணி ரயிலுக்கு முன்னால் கடைக்கு வந்து, சாப்பிட்டபடியே அவள் பேச்சைக் கேட்டார்.

"போதும்மா. நீங்க சொன்னதே கண்ணால பாத்த மாதிரி இருக்கு. இனிமே நான் வரவேண்டியதில்ல" என்று பையைத் தூக்கினார்.

சுமியோவுக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி, என் பொய்யை வாங்கிக்கொண்டு இந்த மனுஷன் திருப்தியாகப் போகிறாரே என்று கூசிப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து கானல் வந்துவிட்டதென்று கூச்சல் கேட்டது. வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு!"

"நீயே எடுத்துக்கப்பா! ஐயா, வாங்க, ஓடியாங்க!"

பெரியவரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

எதிர்க்கரை முழுக்க மதில் மாதிரி எழுந்து நின்றது. பாலம் ஒன்று தன் தலைமேலேயே கவிழ்ந்து தொங்கியது. வீடுகள் மெல்ல மெல்ல உயர்ந்தன, கரைந்தன, மறுபடி உயர்ந்தன. யப்பா! முப்பத்தெட்டு வருஷமாகச் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இதற்குப் பக்கத்தில் வரவில்லை. சுமியோவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நீங்க சொன்ன மாதிரியேதானாம்மா?" என்று கேட்டார் இசோகாவா.

"எனக்கென்னங்க தெரியும்? நானும் இப்பத்தான் பாக்கிறேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப பேசாம பாருங்கம்மா" என்றார்.