முனிசாமியின் இடது காது

சுரங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் வேலை என்பது, நசுங்கின விரலையும் முறிந்த காலையும் பார்த்துப் பார்த்து, ரத்தம் கொட்டாத நோயை நோயாகவே மதிக்காமல் போகிற வேலை. என்னைப் போலவே கட்டுப் போட்டுக் காலம் தள்ளிய டிரெஸ்ஸர்கள் உங்களுக்கு இது புதிதல்ல. கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

காது அடைப்பு

முனிசாமி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயில் மணியடிப்பவர். கீழே ஆட்கள் வேலை செய்யும் லெவலிலிருந்து வரும் மணியை எண்ணி, ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டை இழுக்கும் இன்ஜின்காரருக்கு இவர் மணி கொடுக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் கேஜில் நிற்கிறவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

இடது காது அடைத்திருக்கிறது என்று வந்தார். வலியில்லை, சீழில்லை. காதழுக்கு, குறும்பிதான் என்று எண்ணெய் விட்டு, வெந்நீர் பீச்சிக் கழுவினேன். ஒன்றும் வரவில்லை. டாக்டர் துரையிடம் அனுப்ப, நோயாளி விவரம் எழுதும் நோட்டை எடுத்தேன். முனிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க ஐயா. செவுடுன்னு தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. இன்னொரு காது நல்லாத்தான் கீது."

நோட்டை மூடிவிட்டேன்.

கண்டமாலை

இரண்டு மாதம் கழித்து மனைவி ராஜம்மாவோடு வந்தார். அதே இடது பக்கம், காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. கல்லு மாதிரி இருந்தது, அமுக்கினால் வலிக்கவில்லை. காலையில் மூக்கைச் சிந்தினால் இடது பக்கம் ரத்தக் கீற்று வருகிறது என்றார்.

கட்டி, கழுத்தில் நெறி கட்டுகிற கண்டமாலை; ரத்தம் தூசியால் வந்தது; காது குறும்பி. ஒரு நோய்க்கு மூன்று பெயர் வைத்துவிட்டு அயோடின் தடவினேன். மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. வலியில்லாத கட்டிக்குப் பயப்பட வேண்டாம் என்றேன்.

ராஜம்மா கும்பிட்டாள். "நீங்க சொன்னா சரிதான் ஐயா. இன்னிக்காவது நிம்மதியா சோறு துன்னுவேன்."

இரண்டு கேஜ்

அப்புறம் ஒரு நாள், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் தனியாக நடந்து வந்தார். கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. இடது கண் மூக்குப் பக்கமாகத் திரும்பிவிட்டது. எந்த வேலைக்காக என்னைக் கெஞ்சினாரோ, அதை அவரே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கேஜு ரெண்டா தெரியுது ஐயா. எதுல ஆளுங்க நிக்கறாங்கன்னு புரியல. மணிக்கயித்த மேஸ்திரி கையில குடுத்துட்டேன்."

டாக்டரின் கண்ணாடி

அன்றே டாக்டர் துரையிடம் கூட்டிப்போனேன். அவர் நெற்றிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, விளக்கைத் தூண்டி, சின்னக் கண்ணாடி ஒன்றை ஆவி படியாமல் சூடுகாட்டித் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே, சதை வளர்ந்திருந்தது. புற்று.

என்னைத் தனியே அழைத்து விளக்கினார். இந்தப் புற்றில் சிலது பூக்கோசு மாதிரி துருத்தி நிற்கும், சிலது புண்ணாகிக் குழியும், சிலது தோலுக்கடியில் ஊர்ந்து கண்ணாடிக்கே தெரியாது. பக்கத்தில் பரவினால் காது அடைக்கும். கழுத்துக்கு இறங்கினால் கட்டி. மேலே மண்டையோட்டின் எலும்பைத் தொட்டால் கண் கோணும். முனிசாமிக்குக் காது, கழுத்து, கண் மூன்றிலுமே ஆகியிருந்தது. அறுத்து எடுக்கக் கத்தி போகிற இடமில்லை.

காது விஷயத்தை நோட்டில் எழுதாததை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை.

"முதல் நாளே பார்த்திருந்தாலும் என்னால் ஒன்றும் முடியாமல் போயிருக்கலாம். ஆனால் அதை நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், நீ முடிவு செய்திருக்கக் கூடாது."

ராஜம்மாவின் கேள்வி

நாலு மாதத்தில் முனிசாமி ஆண்டர்சன்பேட்டை வீட்டில் இறந்துபோனார். கடைசி வாரங்களில் அபின் கலந்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் நான் உருப்படியாகச் செய்த ஒரே வைத்தியம். என் கையால் வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் அவர் நன்றி சொல்வார். அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

எதனால் வந்தது என்று ராஜம்மா டாக்டரையே கேட்டிருந்தாள். அடுப்புப் புகை என்பார்கள், மூக்குப்பொடி என்பார்கள், நிச்சயமாக யாருக்கும் தெரியாது என்றாராம். ஜன்னலில்லாத வீட்டில் அடுப்பு மூட்டியவள் தான்தானே என்று அது அவள் மனசைப் பிடித்துக்கொண்டது. உன் தப்பில்லை, தாமதம் என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"புகையில நானுந்தான் குந்திக்கினு இருந்தேன். அவரு துன்ன சோத்தத்தான் நானும் துன்னேன். எனக்கு வராம அவருக்கு மட்டும் இன்னாத்துக்கு ஐயா வந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு அப்புறம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, வருகிறவர்களையெல்லாம் டாக்டரிடம் அனுப்ப ஆரம்பித்த பிறகுதான், ஊரில் எனக்குக் கைராசிக்காரர் என்று பேர் வந்தது.