பனம்பழம் ஏந்தும் விளையாட்டு

கணவரின் தங்கையும் நானும் ஒரே மேசையில் இருந்துதான் கணினி விளையாட்டுச் செய்யப் பழகினோம். ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம். யூடியூப்பில் பயிற்சிப் பாடம் ஓடும். நான் அதில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் பார்த்தடிப்பேன். அவளுக்கு அது போதாது. ஒரு வரியை மாற்றுவாள், சிவப்பில் பிழைச்செய்தி வரும், அதை ஆறுதலாக வாசிப்பாள், இன்னொரு வரியை மாற்றுவாள். எனக்குப் பிழை வந்தால் கணினியைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் பயிற்சிக்கு ஆள் எடுத்தது. நேர்முகத்துக்குச் சின்ன விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். இது சரிவராவிட்டால் மச்சாள் கொழும்புக்குப் போய் வேலை தேடுவது என்று வீட்டில் பேச்சு. அவளுக்கோ எங்கள் ஊர் நீர்வேலியை விட்டுப் போக அறவே விருப்பமில்லை. எனக்கும் அவளை அனுப்ப மனமில்லை.

பாடத்தில் வந்தது, மேலிருந்து விழும் ஆப்பிள்களைக் கூடையோடு நிற்கும் ஒரு பெண் ஏந்துகிற விளையாட்டு. மச்சாள் ஆப்பிளை எடுத்துவிட்டுப் பனம்பழம் போட்டாள். கறுப்பு மினுங்க, அச்சொட்டாக இருந்தது. நேர்முகத்துக்கு முதல்நாள் மாமியை இருத்தி விளையாடச் சொன்னோம். முதல் பழத்தைக் கண்டதுமே மாமி அந்தப் பெண்ணைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பழங்கள் எல்லாம் விழுந்து முடிந்தன. புள்ளி பூச்சியம்.

“அம்மா, ஓடாமல் ஏந்துங்கோ.”

“உனக்கென்ன விசரே, பிள்ளை? விழுற பனம்பழத்தை ஆரும் ஏந்துவினமே? மண்டையெல்லே பிளந்துபோம்!”

விடிந்தால் நேர்முகம். “பேசாமல் ஆப்பிளையே திருப்பிப் போடுங்கோ, மச்சாள்” என்றேன்.

“இல்லை மச்சாள். அம்மா சரியாத்தான் விளையாடினவ. விளையாட்டுத்தான் பிழை.”

இருந்த இருப்பில் விதியை மாற்றினாள். விழும் பழம் பட்டால் உயிர் போகும். நிலத்தில் விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பொறுக்கினால் புள்ளி. அதற்குள் அடுத்தது விழும். மாமி திரும்ப விளையாடினார். பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதே பாடத்தை நானும்தான் பார்த்தேன். எனக்கு இது தோன்றவே இல்லை. என்ன மூளையடி இவளுக்கு என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

நேர்முகம் எடுத்தவர் எப்படி விளையாடுவது என்று கேட்கவேயில்லையாம். முதல் பழம் தலைக்கு நேரே வந்ததும் தானாகவே பெண்ணை விலக்கினாராம். பக்கத்தில் இருந்தவர், “பொறுக்குங்கோ, பொறுக்குங்கோ” என்று கத்தினாராம்.

இப்போது அவள் காலையில் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் பயிற்சிக்குப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். என் கணினியில் ஆப்பிள்கள் இன்னும் ஒழுங்காகக் கூடைக்குள் விழுகின்றன. ஒருநாள் மாமியிடம் விளையாடக் கொடுத்தேன். “உதிலை என்ன கிடக்கு?” என்று கேட்டுவிட்டு, மகள் வருகிறாளா என்று பார்க்கப் வாசல் படலையடிக்குப் போய்விட்டார்.